குரூப் எடுக்கும் முன்னால்: இணைய ஆர்வ மதிப்பீட்டைப் பள்ளியில் நடத்தும் முறை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வருகிறது. வந்த சில நாட்களுக்குள் பதினொன்றில் எந்தக் குரூப் என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த நாட்களில் மதிப்பெண் பேசும், சொந்தக்காரர் பையன் என்ன எடுத்தான் என்பது பேசும், பள்ளியில் எதில் இடமிருக்கிறது என்பது பேசும். பிள்ளைக்கு எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்ற கேள்வி எழவே எழாது. அந்தக் கேள்வியை ஆறேழு மாதம் முன்னாலேயே எழுப்பி, பதிலைத் தாளில் வைத்துக்கொள்ள உதவுவதுதான் ஆர்வ மதிப்பீடு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கத்துப் பள்ளிகளில் வழிகாட்டிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும், கிராமத்தில் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கும் பட்டதாரி இளைஞர்களுக்கும் இந்த வழிமுறை.

இது எதை அளக்கும், எதை அளக்காது

பெரும்பாலான ஆர்வ மதிப்பீடுகளுக்கு அடிப்படை, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த வகைப்பாடு. வேலைகளையும் மனிதர்களையும் அவர் ஆறு வகையாகப் பார்த்தார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ரியாசெக் என்பார்கள்.

ஆர்: கையால், கருவியால், இயந்திரத்தால் செய்யும் வேலை. ஐ: ஏன், எப்படி என்று ஆராயும் வேலை. ஏ: வரைதல், எழுதுதல், இசை, வடிவமைப்பு. எஸ்: மனிதருக்குக் கற்றுக்கொடுப்பது, பராமரிப்பது, உதவுவது. இ: விற்பது, பேரம் பேசுவது, ஆளை வைத்து வேலை வாங்குவது, தொழில் நடத்துவது. சி: கணக்கு, பதிவேடு, ஒழுங்கு, விதிப்படி செய்யும் வேலை.

இந்த ஆறையும் அறுகோணமாக வரைந்தால் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை விலகிப்போகும். ஆருக்கு எதிர் எஸ், ஐக்கு எதிர் இ, ஏக்கு எதிர் சி. பிறகு மதிப்பெண்ணைப் படிக்கும்போது இந்தப் படம் கைகொடுக்கும். ஒரு சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பிடித்தம்தான் இங்கே அளக்கப்படுகிறது. திறமையை அளக்க வேறு கருவி வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்காக என்சிஇஆர்டியும் சிபிஎஸ்இயும் சேர்ந்து உருவாக்கிய ‘தமன்னா’ என்ற திறனறி தேர்வு அந்த வகை: மொழி, எண், இடவுணர்வு, இயந்திர அறிவு என ஏழு கூறுகளைப் பார்க்கும், பாஸ் ஃபெயில் கிடையாது. ஆர்வம் ஒரு தாள், திறன் ஒரு தாள், மதிப்பெண் ஒரு தாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். ஆர்வத் தாளை மட்டும் பார்த்து “நீ இதுக்குத்தான் லாயக்கு” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் பல வருடம் நிற்கும்.

எந்தக் கருவி

புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது ‘ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்’. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடப்பது, இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், செல்போன் எண் கேட்காது. ‘மை நெக்ஸ்ட் மூவ்’ தளத்தில் இருக்கிறது. மொத்தம் 60 கேள்வி. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்லும். ‘மிகவும் பிடிக்காது’ முதல் ‘மிகவும் பிடிக்கும்’ வரை ஐந்தில் ஒன்றைத் தொட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் 10 கேள்வி, அதிகபட்சம் 40 மதிப்பெண்.

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும், அதன் பகுதியான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியிலும் படிப்பு, கல்லூரி, உதவித்தொகை விவரங்கள் கிடைக்கும். ஆர்வத்தைக் கண்டுபிடிக்க முதல் கருவி, கண்டுபிடித்த பிறகு வழியைத் தேட இது.

மூன்று வகைத் தளங்களை ஒதுக்குங்கள். முடிவைக் காட்டும் முன்னால் பெற்றோரின் போன் நம்பர் கேட்பவை முதலாவது. அடுத்த நாளே ஏதோ ஒரு கல்லூரியின் அட்மிஷன் ஏஜென்ட் அழைப்பார். 18 வயதுக்குட்பட்டவரின் விவரத்தைச் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அடுத்து, ஒருவரின் குணத்தை நான்கு ஆங்கில எழுத்தில் சொல்லும் ஆளுமைத் தேர்வுகள். குணத்தைப் பற்றிப் பொழுதுபோக்காகப் பேச அவை உதவலாம், குரூப் தேர்வுக்கு உதவா. மூன்றாவது, விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளையின் திறமையைச் சொல்வதாகப் பள்ளிகளில் முகாம் போடுபவர்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எப்போது

பத்தாம் வகுப்பின் ஆகஸ்டு முதல் நவம்பருக்குள். ஜனவரிக்குப் பிறகு ரிவிஷன் தேர்வுகள் ஆரம்பித்துவிடும். பிள்ளைகளின் தலையில் வேறொன்றும் ஏறாது. காலாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்த வாரத்தில் வைக்காதீர்கள். கணக்கில் குறைந்த பிள்ளை எண் சார்ந்த எல்லாவற்றுக்கும் ‘பிடிக்காது’ போட்டுவிடும், அன்றைய கோபம் ஆர்வமாகப் பதிவாகிவிடும்.

தமிழ்த் தாள் தயாரித்தல்

ப்ரொஃபைலர் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கிறது. கணினி முன்னால் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு நீங்கள் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே போனால், உங்கள் குரலின் ஏற்ற இறக்கமே பதிலைத் தீர்மானித்துவிடும். “ரத்த மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் பரிசோதித்தல்” என்பதை உற்சாகமாகவும், “செங்கல், டைல்ஸ் பதித்தல்” என்பதை இறக்கியும் சொல்வது நம்மை அறியாமல் நடக்கும். ஆகவே 60 கேள்வியையும் முன்கூட்டியே தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுங்கள். இருபுறமும் அச்சிட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரே தாள்.

வேலையைத்தான் தமிழாக்க வேண்டும். வேலை பார்ப்பவரின் பெயரை எழுதக் கூடாது. “கொத்தனார்” என்று எழுதினால் பிள்ளை சம்பளத்தையும் சாதியையும் மரியாதையையும் நினைத்துப் பதில் போடும். “செங்கல், டைல்ஸ் பதித்தல்” என்றால் வேலையை நினைக்கும்.

பிள்ளைகள் பார்த்திராத வேலைக்கு உள்ளூர் உதாரணம் ஒன்றை அடிக்குறிப்பாகக் கொடுங்கள். நீர் மாசைக் குறைக்கும் வழிகளை ஆராய்தல் என்றால் திருப்பூர்ப் பிள்ளைக்கு நொய்யலும் சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையும் தெரியும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் தினமும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியாது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அனுப்பும் முன் உதிரிபாகத் தரம் பார்த்தல் என்றால் கோவை பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவு, பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள். அனுப்பிய, வந்த சரக்கின் பதிவேடு வைத்தல் என்றால் ஈரோடு மஞ்சள் குடோன், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ். பங்கு, பத்திரம் வாங்கி விற்றல் என்பதை மட்டும் அப்படியே விட்டு, ஓரிரு வரியில் விளக்குங்கள். அதைச் சந்தையில் தேங்காய் வாங்கி விற்பதாக மாற்றினால் கேள்வியே வேறாகிவிடும்.

எழுதிய தாளை முதலில் நான்கு பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் “இது என்னங்க சார்?” என்று கேட்கிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள். திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பள்ளிகளில் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தித் தாள் ஒன்று தயாராக இருக்கட்டும்.

நடத்தும் நாள்

ஒரு பாடவேளை, 45 நிமிடம். முதல் பத்து நிமிடம் விளக்கம், 20 நிமிடம் பதில், மீதி சரிபார்ப்பு. பிள்ளைகளை ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார வையுங்கள். நெருக்கி உட்கார்ந்தால் நண்பன் போடுவதையே போடுவார்கள், குறிப்பாகப் பையன்கள்.

தொடங்கும் முன் மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று நினைக்காதே. என்னால் முடியுமா என்று நினைக்காதே. அப்பா என்ன சொல்வார் என்று நினைக்காதே. அந்த வேலையை ஒரு நாள் முழுக்கச் செய்தால் உனக்குப் பிடிக்குமா என்று மட்டும் பார். இதைக் கரும்பலகையிலும் எழுதிவிடுங்கள், பாதியில் மறந்துவிடுவார்கள்.

தாளில் முடித்த பிறகு கணினி ஆய்வகத்தில் பதிவேற்றலாம். பிள்ளையே எண்ணைப் பார்த்துத் தட்டினால் ஐந்து நிமிட வேலை. இப்படிச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நெட் அறுந்தாலும் கரண்ட் போனாலும் பதில் தாளில் இருக்கும். நேரடியாகத் தளத்தில் போட்டு நாற்பதாவது கேள்வியில் எல்லாம் அழிந்துபோனால், இரண்டாம் முறை யாரும் யோசித்துப் பதில் போடுவதில்லை.

கணினியே இல்லையா? கையால் கூட்டிவிடலாம். கேள்விகள் ஒரே வரிசையில் சுழல்கின்றன: 1, 2 ஆர், 3, 4 ஐ, 5, 6 ஏ, 7, 8 எஸ், 9, 10 இ, 11, 12 சி. மறுபடி 13, 14 ஆர், இப்படியே 60 வரை. மிகவும் பிடிக்காது 0, பிடிக்காது 1, தெரியவில்லை 2, பிடிக்கும் 3, மிகவும் பிடிக்கும் 4. தாளைப் பன்னிரண்டு வரிசை, ஐந்து பத்தியாக அச்சடித்தால் ஒவ்வொரு வகையும் இரண்டிரண்டு வரிசையாகப் பக்கவாட்டில் விழும், கூட்டுவது சுலபம்.

மதிப்பெண்ணைப் படிப்பது

முதல் மூன்று எழுத்தை எடுங்கள். ஆர் 31, ஐ 24, இ 22, சி 15, எஸ் 12, ஏ 9 என்று வந்தால் ஆர்-ஐ-இ. முதலும் கடைசியும் நன்றாக விலகி நிற்கின்றன, தெளிவான தாள். இரண்டு வகைக்கு நடுவே மூன்று மதிப்பெண்ணுக்குள் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் சமமாகவே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 24க்கும் 22க்கும் பெரிய பொருள் சொல்லாதீர்கள்.

சிக்கலான தாள்கள் இவை. ஆறும் 18 முதல் 23க்குள் இருப்பது ஒன்று: பெரும்பாலும் ‘தெரியவில்லை’ நிறையப் போட்டிருப்பார்கள். எண்ணிப் பாருங்கள், இருபதுக்கு மேல் இருந்தால் முடிவு சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேலை உலகத்தைக் காட்டுவதுதான் மருந்து. ஆறும் 33க்கு மேல் இருப்பது இன்னொன்று: சாருக்கு நல்லவனாக இருக்க எல்லாவற்றுக்கும் ‘பிடிக்கும்’, ‘மிகவும் பிடிக்கும்’ என்றே போட்டது. “இதுல பத்து வேலைய அடிச்சே ஆகணும்னா எதை அடிப்பே?” என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். எதிரெதிர் எழுத்து இரண்டும் மேலே வந்தால், ஆரும் எஸ்ஸும் போல, தவறென்று நினைக்க வேண்டாம். பிசியோதெரபி, செயற்கைக் கால் பொருத்துதல், ஐ.டி.ஐ.யில் கற்றுக்கொடுப்பது என்று இரண்டும் சேரும் இடங்கள் இருக்கின்றன.

இந்த ஊரில் ஆர் எழுத்து

கொங்கு வட்டாரத்தில் இந்தத் தாளை வாசிக்க அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். தறி ஓடும் வீட்டுப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை, லேத்துப் பட்டறைப் பிள்ளை ஆகியோர் ஆரில் 8, 10 என்று மிகக் குறைவாக வருவார்கள். இயந்திரமே பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சோமனூரில் ராத்திரி பத்து மணி வரை தறியில் நூல் முடிச்சுப் போட்ட பிள்ளைக்குச் சலித்திருப்பது தூக்கமின்மையும், தூசியும், ‘விடுமுறை’ என்ற சொல்லே இல்லாத வேலையும். தறி எப்படி ஓடுகிறது என்பதில் அதற்குப் பெரிய ஆர்வம் இருக்கலாம்.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: “மோட்டார் ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க? நீ பக்கத்துல போய் நிப்பியா, இல்ல உள்ளே போயிருவியா?” நிற்பேன் என்றால், எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று சொல்லவும் ஆரம்பித்தால், அந்த 8ஐ நம்பாதீர்கள். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருப்பது வேலை நடக்கும் விதத்தைத்தான்.

பெண் பிள்ளைகள் தாளில் இதே ஆர் வேறு காரணத்தால் குறையும். வீட்டில் பம்ப்செட் ஸ்டார்ட்டரைத் தொடவிட்டதே இல்லை, அதனால் ‘தெரியவில்லை’. அதைப் ‘பிடிக்காது’ என்று படித்துவிட்டால் பொறியியலின் பாதிப் பிரிவு அந்த அம்மிணிக்கு மூடிப்போகும். ஆர் வரிசையில் ‘தெரியவில்லை’ ஐந்துக்கு மேல் இருந்தால், அறிவியல் ஆய்வகத்தில் ஒரு பழைய மிக்ஸியைக் கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு அந்தப் பத்துக் கேள்வியை மட்டும் மறுபடி கொடுங்கள். எண் மாறினால் புதிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையுடன் பேசுவது

ஒருவருக்கு 15 நிமிடமாவது வேண்டும். நாற்பது பேர் வகுப்பென்றால் பத்து மணி நேரம். நவம்பர், டிசம்பரில் தினம் இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை நடத்திவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் முந்தைய உழைப்பு முழுதும் வீண். தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கு அதை நடத்தாமலே இருக்கலாம்.

“மிகவும் பிடிக்கும்” போட்ட கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் “எங்கே பார்த்தே?” என்று கேளுங்கள். யூடியூபில் என்றால் ஒரு அர்த்தம், மாமா கூடப் போய்ப் பார்த்தேன் என்றால் ஒரு அர்த்தம். பிறகு தளம் காட்டும் வேலைப் பட்டியலில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது அமெரிக்கப் பட்டியல். அங்கே போட்டிருக்கும் சம்பளம், வேலைவாய்ப்பு, படிப்பு விவரம் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையின் பெயரும் தினசரிப் பணிகளும் மட்டும் போதும். கிராம நிர்வாக அலுவலரும் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரும் அதில் இருக்கமாட்டார்கள், நாம்தான் சேர்க்க வேண்டும். சரக்கு வாங்கும் கம்பெனிக்கு (பையர்) பதில் எழுதி, சாம்பிள் அனுப்பி, ஷிப்மென்ட் தேதியைத் துரத்தும் மெர்ச்சண்டைசர் வேலை இயும் சியும் சேர்ந்தது. துணி வடிவமைப்பு ஏ-ஆர். சித்ரா போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வக வேலை ஐ-ஆர். ஜி.எஸ்.டி. கணக்கு சி-இ.

“கலெக்டர் ஆகணும்”, “போலீஸ் ஆகணும்” என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. மறுக்காதீர்கள். கலெக்டர் ஆவதற்கான தேர்வுக்கும் போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்கும் ஏதோ ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பட்டம் என்பதை ஆர்வத் தாள் சொல்லட்டும்.

குரூப்போடு இணைப்பது

ஐந்து வேலைக்கும் பக்கத்தில் தேவையான படிப்பு, நுழைவு வழி, பக்கத்துக் கல்லூரி, கட்டணம் என்று எழுத வையுங்கள். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கட் ஆஃப் 200க்கு, கணிதம் 100, மற்ற இரண்டும் 50, 50. மருத்துவத்துக்கு நீட். கட்டடக் கலைக்கு நாட்டா தேர்வு, கணிதமும் இயற்பியலும். சட்டம், பட்டயக் கணக்காளர் படிப்புகளுக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை. இது தெரியாமலே வேண்டா வெறுப்பாக அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆர், ஐ மேலே இருந்து பொறியியலா உயிரியலா என்று முடிவாகாவிட்டால் கணிதம்-உயிரியல் குரூப் இரண்டு கதவையும் திறந்து வைக்கும். ஆனால் பாடச்சுமை அதிகம், மதிப்பெண் தாளையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் கோவையில், அதன் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில். வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகும் தூரம் என்பது பல பெற்றோருக்குப் பெரிய விஷயம்.

பெற்றோரிடம்

அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து அழையுங்கள். தாளை நீட்டாதீர்கள், எழுத்துகளும் எண்களும் ஜாதகம் மாதிரித் தெரியும், அதே போல நம்பவும் செய்வார்கள். பிள்ளையையே பேசவிடுங்கள்.

பெரும்பாலும் வரும் எதிர்ப்பு ஒன்றுதான்: “பட்டறையில நாங்க பட்டது போதாதுங்களா சார், இவனும் கரியாகணுமா?” இதற்கு வாதம் உதவாது. ஏணியை வரைந்து காட்டுங்கள். பத்து முடித்து மூன்று வருட டிப்ளமோ, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம். அல்லது இரண்டு வருட ஐ.டி.ஐ., பிறகு டிப்ளமோ இரண்டாம் வருடம். “பட்டறையில நிக்கிறதுக்கும், அந்தப் பம்பை டிசைன் பண்றதுக்கும் நடுவுல இத்தனை படி இருக்குதுங்க” என்று படி படியாகச் சொன்னால் கேட்பார்கள். அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

பேச்சின் நடுவே பிள்ளையின் படிப்பை நிறுத்தப் போகிறார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரியவந்தால் ஆர்வத் தாளை மூடிவையுங்கள். தலைமையாசிரியருக்குச் சொல்லுங்கள், 1098க்கு அழையுங்கள். தேர்வு பயம், மனச்சோர்வு என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

தாள்களைப் பத்திரப்படுத்துதல்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கவர்: பதில் தாள், ஆறு எண், முதல் மூன்று எழுத்து, ஐந்து வேலை, பேசிய தேதி. பெயர் போட்ட பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் அதே 60 கேள்வியை மறுபடி கொடுங்கள், பழைய தாளைக் காட்டாமல். முதல் மூன்று எழுத்து தங்களுக்குள் இடம் மாறுவது சகஜம். மேலே இருந்தது கடைசிக்குப் போயிருந்தால் மட்டும் அந்தப் பிள்ளையை மறுபடி 15 நிமிடம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். பன்னிரண்டில் கல்லூரி விண்ணப்பம் போடும் நேரத்தில் அந்தக் கவரை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம்.